இரண்டாவது ஃபிளாப்பி

சித்தூர்
4.5.1987

அன்புள்ள தம்பி அசரியாவுக்கு,

அக்கா சௌந்தரி எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். உன் சுகத்தை எழுது. திருப்பதி வெயிலில் மத்தியானம் தலையில் ஒன்றும் போடாமல் நடக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். அவர்கள் காலில் இருக்கும் சர்க்கரைப் புண் கொஞ்சம் வற்றியிருக்கிறது.

இப்போது உன் வேலை விஷயம். உங்கள் கம்பெனி எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வைத்து இன்றோடு ஒரு மாதம். காசநோய்ப் பிரிவில் மருந்து சாப்பிடும் ஆயிரத்து முந்நூற்றுப் பத்துப் பேரின் பெயர், ஊர், அடுத்த மருந்துக்கு வர வேண்டிய தேதி எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து ஏற்றிவிட்டேன். தினமும் காலையில் யார் யார் வரவில்லை என்று மெஷினே பட்டியல் அடித்துக் கொடுக்கிறது. பார்க்கவே ஆச்சரியமாயிருக்கிறது. தொந்தரவு ஒன்றே ஒன்றுதான். வேலை முடித்துப் போகும் முன் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் நகல் எடுக்க நீ எழுதிக் கொடுத்தாயே ஒரு புரோகிராம், அது பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன். அரை மணி காத்திருந்து மெஷினை அணைத்துவிட்டு வருகிறேன்.

எலிசபெத் டாக்டரம்மா இந்த மாதம் முதல் தேதியிலிருந்து கையால் எழுதும் பதிவேட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதனால் நகல் சரியாக வந்தால் எனக்கு நிம்மதி. உடனே பதில் போடு.

உன் அக்கா,
ஞானசௌந்தரி


திருப்பதி
12.5.1987

அன்புள்ள அக்காவுக்கு,

அசரியா எழுதிக்கொண்டது. நான் சுகம். அம்மாவின் புண் வற்றுவது கேட்டு சந்தோஷம். வெயிலுக்கு என்ன செய்வது, இங்கே மொட்டை போட்ட பக்தர்களே தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இங்கே அந்தப் புரோகிராமை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ளே அதை நடத்துகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று உண்டு. எங்கள் ஆபீசில் இருப்பது டாஸ், ஒரே ஆள் உட்கார்ந்து வேலை செய்வது. உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து தானமாக வந்த மெஷினில் யூனிக்ஸ், நாலு பேர் ஒரே சமயத்தில் வேலை செய்யக்கூடியது. நான் எழுதியது டாஸில் பிறந்த புரோகிராம். அதைத்தான் உங்கள் மெஷினுக்கு மாற்றிப் போட்டேன். மாற்றும்போது எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன்.

நிற்கும்போது திரையில் என்ன எழுத்து இருக்கிறது, ஃபிளாப்பி பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது, மூன்றையும் எழுதி அனுப்பு. நேரில் வரத்தான் ஆசை. எங்கள் முதலாளி கன்னையா லீவு என்ற வார்த்தையைக் கேட்டாலே "அப்புறம், அப்புறம்" என்கிறார். மூன்று வருஷம் வேலையில்லாமல் மிஷன் காம்பவுண்டில் உட்கார்ந்திருந்தவன், அதிகம் கேட்கவும் வாய் வரவில்லை.

உன் தம்பி,
அசரியா


சித்தூர்
21.5.1987

அன்புள்ள தம்பி அசரியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருவரும் சுகம். நீ கேட்டபடி கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். பதினோரு நிமிஷம் விளக்கு எரிகிறது. பிறகு அணைகிறது. திரையில் ஒரு எழுத்தும் இல்லை, கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. தினமும் அதே பதினோரு நிமிஷம். இதில் ஏதாவது விளங்குகிறதா?

இங்கே மெஷினுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. பட்டியலில் வருகிற பெயர்களுக்கு நான் அன்றே ஒரு போஸ்ட் கார்டு போட்டுவிடுகிறேன். நேற்று காணிப்பாக்கத்துக்கு அப்பாலிருந்து நாகையா என்று ஒருவர் வந்தார். கரும்பு ஆலையில் பாகு காய்ச்சுகிற வேலை. கொஞ்சம் இருமல் அடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவார். இது இரண்டாம் தடவை. கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"திட்டாதம்மா. நல்லா துன்னுறேன், நல்லா தூங்குறேன், இன்னும் எதுக்கு மாத்திரன்னு உட்டுட்டேன். கார்டு வந்திச்சி, எம்பொண்ணு படிச்சிக் காட்டிச்சி. உடனே பஸ் ஏறிட்டேன்."

"இன்னும் எட்டு மாசம் சாப்பிடணும் நாகையா. நடுவில நிறுத்தினா அப்புறம் எந்த மாத்திரையும் கேக்காது."

"நீ கார்டு போட்டுக்கினே இரு. நான் வந்துக்கினே இருக்கேன்" என்று சிரித்தார். போகும்போது மேசையில் ஒரு அச்சு வெல்லம் வைத்துவிட்டுப் போனார். அம்மாவிடம் அதைக் காட்டவேயில்லை, சர்க்கரை வியாதிக்காரி திருடித் தின்றுவிடுவார்கள்.

சீக்கிரம் எழுது.

உன் அக்கா,
சௌந்தரி


சித்தூர்
13.6.1987

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதிலே காணோம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கடிதம் உன்னைத் தொந்தரவு செய்ய இல்லை. உன் புரோகிராமை நானே சரி செய்துவிட்டேன்! திங்கட்கிழமை வழக்கம்போல நின்றது. எரிச்சலில் எண்டர் கட்டையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் பத்து நிமிஷம் ஓடி, "நகல் முடிந்தது" என்று வந்தது. அதிலிருந்து தினமும் அப்படித்தான். நிற்கும், தட்டுவேன், ஓடும். தினசரி நோட்டில் "நகல் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். டாக்டரம்மா எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

கரையான் அரித்த பழைய பதிவேடுகளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நகல்தான் வருகிறதே என்று நேற்று ஆஸ்பத்திரிக் குப்பைக் குழியில் போட்டு எரித்துவிட்டார்கள். பத்து வருஷக் கையெழுத்து, அதில் பாதி என்னுடையது. பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஆனால் இடம் காலியானது நல்லதுதான்.

உன் சுகத்துக்கு ஒரு வரியாவது எழுது.

அக்கா,
சௌந்தரி


திருப்பதி
2.7.1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கே எல்லாரும் சுகம் என்று நினைக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஜூன் மாதம் பாதி நாள் சூளூர்பேட்டையில் இருந்தேன். அங்கே ஒரு இறால் கிடங்குக்கும் நாங்கள் இதே புரோகிராம் கொடுத்திருக்கிறோம். அங்கேயும் யூனிக்ஸ்தான். அங்கேயும் நின்றது. பார்த்துவிட்டு வந்தேன். ஏரிக் காற்றில் ஜலதோஷம் பிடித்தது, இப்போது பரவாயில்லை.

நகல் முடிகிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. செப்டம்பரில் புதுப் புரோகிராம் வருகிறது. அதில் எல்லாம் சரியாகிவிடும்.

நகல் எடுக்கும்போது ஒரு ஃபிளாப்பி போடுகிறாயா, இரண்டா? அப்புறம், முடிந்தால் நோயாளிகளின் பெயரை ஒரு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள். சும்மாதான் சொல்கிறேன்.

தம்பி,
அசரியா


சித்தூர்
8.7.1987

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சூடாக மிளகு ரசம் வைத்துக் குடி. இங்கே சுகம், அம்மாவின் புண் மட்டும் மறுபடி நீர் வடிகிறது.

ஒரு ஃபிளாப்பிதான். திங்கள் முதல் சனி வரை ஆறு நாளைக்கு ஆறு ஃபிளாப்பி, மேலே நாள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கள் வந்தால் பழைய திங்கள் மேலேயே எழுதுகிறேன். நீ ஏன் கேட்டாய்? அதில் தவறு இருந்தால் ஒரு கார்டு போடு. அன்றே மாற்றிக்கொள்வேன்.

நோட்டில் எழுதுவது பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்புறம் மெஷின் எதுக்கு சௌந்தரி?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். வெளிநோயாளிச் சீட்டு எழுதுகிற வேலையையும் இப்போது எனக்கே கொடுத்துவிட்டார்கள், கை ஓய்வதில்லை.

அக்கா,
சௌந்தரி


திருப்பதி
19.10.1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய அவா. நீ போட்ட மூன்று கார்டும் கிடைத்தன. வேலை அதிகம். என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அம்மாவிடம் சொல். கிறிஸ்துமஸுக்கு உனக்குச் சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், நீலம்.

புதுப் புரோகிராம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. டிசம்பராகும் என்கிறார் முதலாளி.

அம்மாவின் காலை வேலூரில் காட்டினால் என்ன? யோசித்து எழுது.

அசரியா


சித்தூர்
9.12.1987

அன்புள்ள தம்பி அசரியாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, அந்த அடைமழையில், கரண்டு போய்ப் போய் வந்தது. நாலாம் தடவை வந்தபோது மெஷினுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். ஹார்டு டிஸ்க் போய்விட்டது. எனக்கு அப்போதுகூடப் பயமில்லை. ஆறு ஃபிளாப்பி இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன்.

உங்கள் கம்பெனி ஆள் வந்து புது டிஸ்க் போட்டு, வெள்ளிக்கிழமை ஃபிளாப்பியை ஏற்றினார். அறுநூற்று நாற்பத்தோராம் எண்ணிலிருந்துதான் பெயர்கள் வந்தன. வியாழன் ஃபிளாப்பி, அதுவும் அப்படியே. ஆறையும் போட்டுப் பார்த்தோம், அசரியா. ஆறிலும் அந்தப் பின்பாதிதான். முதல் அறுநூற்று நாற்பது பேர் எதிலும் இல்லை. மே மாதம் பாதியில் நின்றுபோன நகல்களில் முன்பாதி இருந்திருக்கும். அதன் மேலேயே அல்லவா நான் திரும்பத் திரும்ப எழுதினேன்.

டாக்டரம்மா, "வர்றவங்க அட்டையைப் பாத்து மறுபடி ஏத்திக்கலாம்" என்றார். வருகிறவர்களை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். வராதவர்களை யாரென்று எழுதுவது? யாருக்குக் கார்டு போடுவது? முகம் ஞாபகம் இருக்கிறது, ஊர் ஞாபகம் இல்லை. ஊர் ஞாபகம் இருந்தால் பெயர் வரமாட்டேன் என்கிறது.

இது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போ. இரண்டு மணி நேர பஸ்தானே.

அக்கா,
சௌந்தரி


சித்தூர்
3.2.1988

தம்பி அசரியாவுக்கு,

நீ வரவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சேலை பார்சலில் வந்தது. அம்மா உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். கமலம்மா என்று பெயர் சொன்னாள். நாகையாவின் மனைவி. உனக்கு எழுதியிருந்தேன், வெல்லம் கொடுத்தாரே, அவர். மடியிலிருந்து இரண்டு போஸ்ட் கார்டு எடுத்து என் மேசையில் வைத்தாள். இரண்டும் என் கையெழுத்து.

"இது போன வருசம் பங்குனியில வந்திச்சி. இது வைகாசியில. மூணாவுது கார்டு எங்கம்மா?"

"நாகையா எங்கே?" என்று கேட்டேன்.

"மார்கழியில மாத்திர தீந்துட்ச்சி. அதோட நின்னுட்டாரு. பொங்கல் கழிச்சி ஆறாம் நாளு, பாகு கிண்டிக்கினு இருந்தவரு ரத்தமா கக்கினாரு. வண்டி கட்றதுக்குள்ள போய்ட்டாரு."

அவள் இரண்டு கார்டையும் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா விசாரணை வைத்தார். உன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. புரோகிராமில் குறை இல்லை, முதல் ஃபிளாப்பி நிறைந்ததும் இரண்டாவதை மாற்றாதது ஊழியரின் தவறு என்று. மாற்றச் சொல்லித் திரை என்னிடம் என்றைக்குச் சொன்னது? நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஜூனிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொரு நாளும் "நகல் சரி" என்று என் கையெழுத்து இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்கள்.

முதல் தேதியிலிருந்து எனக்கு வேலை இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறோம். புது விலாசம் மேலுறையில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு விரல் எடுத்தாகிவிட்டது.

ஞானசௌந்தரி


திருப்பதி
14.2.1988

அக்காவுக்கு,

உன் சுகத்தையும் அம்மா சுகத்தையும் கேட்க எனக்கு முகம் இல்லை. இன்று ஞாயிறு. கோயிலுக்குப் போகாமல் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஜூன் மாதமே எனக்குத் தெரியும்.

சூளூர்பேட்டைக் கிடங்கில் மூன்று நாள் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். புரோகிராம் நிற்கவேயில்லை, அக்கா. முதல் ஃபிளாப்பி நிறைந்ததும் "இரண்டாவது ஃபிளாப்பியைப் போட்டு எண்டர் அடிக்கவும்" என்று கேட்க வேண்டும். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். டாஸில் எழுதிய உடனே அந்த வரி திரைக்கு வந்துவிடும். யூனிக்ஸில் ஒரு வரி முடிந்தது என்று சொல்கிறவரை எழுத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வரி முடிந்தது என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். அவ்வளவுதான். கேள்வி உள்ளேயே இருக்கிறது, மெஷின் பதிலுக்குக் காத்திருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு வெறும் திரை. திருத்த எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்து கன்னையாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"இன்னும் எத்தன பேர்கிட்ட இருக்குது?"

"பதினோரு இடம் சார். எல்லாருக்கும் ஒரு கார்டு போட்டாப் போதும். ரெண்டாவது ஃபிளாப்பி போட்டு எண்டர் அடின்னு."

"ஒத்து, அசரியா! எழுத்துல ஒண்ணும் வேணாம். நம்ம புரோகிராம்ல தப்புன்னு நாமே எழுதிக் குடுத்தா, ஜில்லா ஆஸ்பத்திரி ஆர்டரு என்னாவறது? செப்டம்பர்ல புதுசுன்னு குடுத்துக்கலாம். அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது."

நான் சரி என்று தலையாட்டிவிட்டு அறைக்கு வந்தேன். அங்கே உன் ஜூன் மாதக் கடிதம் கதவுக்கடியில் கிடந்தது. எண்டர் தட்டினேன், ஓடியது என்று. படித்த உடனே புரிந்துவிட்டது. ஃபிளாப்பியை மாற்றாமல் தட்டினால் பின்பாதி முன்பாதியின் மேலேயே விழும். ஒருவேளை இரண்டு ஃபிளாப்பி வைத்திருப்பாயோ என்று கேட்டு எழுதினேன். ஒன்றுதான் என்று நீ எழுதினாய். தவறு என்றால் கார்டு போடு என்றும் எழுதினாய்.

கார்டு எழுதினேன், அக்கா. இரண்டே வரி. பஸ் ஸ்டாண்டு தபால்பெட்டி வரைக்கும் போனேன். உனக்குத் தெரிந்தால் நீ நேரே டாக்டரம்மாவிடம் போவாய். அவர் கம்பெனிக்கு எழுதுவார். யார் சொன்னது என்று கன்னையா கேட்பார். மறுபடி காம்பவுண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். உங்கள் மெஷினின் டிஸ்க் அவ்வளவு சீக்கிரம் கெடாது, அதற்குள் செப்டம்பர் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கார்டைக் கிழித்தேன்.

ஊழியரின் தவறு என்று வந்த கடிதத்தில் கையெழுத்து கன்னையாவுடையது. அதன் வாசகத்தை எழுதியவன் நான்.

என்ன செய்யட்டும் என்று நீ சொல். எது சொன்னாலும் செய்கிறேன்.

அசரியா


சித்தூர்
12.3.1988

அசரியாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ சுகமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுகம் என்று சொல்லியிருக்கிறேன்.

நாலு வாரம் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. எழுதினால் என்ன வார்த்தை வருமோ என்று பயந்தேன். இப்போதும் அது போகவில்லை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் நான். எனக்கு இரண்டு வரி எழுத உனக்குக் கை வரவில்லை.

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதினோரு நிமிஷத்தில் ஒரு ஃபிளாப்பி நிறைகிறது என்றால், அதே ஃபிளாப்பியில் இன்னும் பத்து நிமிஷம் எதை எழுதுகிறது என்று ஒரு நாள் தோன்றியது. ஆகஸ்டு மாதம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். எல்லார் முன்னாலும் பாராட்டு வாங்கியவள், எனக்குத் தெரியவில்லை என்று போய்ச் சொல்ல வெட்கம். "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆகையால் நாகையா விஷயத்தில் உன்னை மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

காணாமல் போன அறுநூற்று நாற்பது பேரில் நானூற்றுச் சொச்சம் பேர் தாங்களாகவே வந்துவிட்டார்கள். மிச்சம் இருநூற்று இருபத்தெட்டுப் பேர். மருந்து கொடுக்கும் இடத்துப் பழைய துண்டுச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் ஊர் ஊராக எழுதிக்கொண்டு போய்த் தேடுகிறேன். யாரும் என்னை அனுப்பவில்லை. இதுவரை தொண்ணூறு பேரைப் பார்த்துவிட்டேன். நாகையாவோடு சேர்த்து ஏழு பேர் இல்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். நடந்ததையெல்லாம் எழுதி உன் கையெழுத்தைப் போட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்பு. என் வேலைக்காக இல்லை. மற்ற பத்து இடங்களுக்கும் இன்றே கார்டு போடு. பிறகு கமலம்மாவிடம் போ. மூணாவது கார்டு எங்கே என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியாது. உனக்குத் தெரியும். நீயே போய்ச் சொல்.

ஞானசௌந்தரி


திருப்பதி
2.4.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். அம்மாவுக்கு என் அன்பு.

நீ சொன்னபடி கார்டுகளைப் போட்டுவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, கன்னையாவிடமும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. "மஞ்சிதி பாபு, நல்லது, போ" என்றார். எனக்கும் இப்போது வேலை இல்லை.

நேற்று பெரிய வெள்ளி. ஆராதனைக்குப் போகாமல் காலை பஸ்ஸில் காணிப்பாக்கம் இறங்கி நடந்தேன். கமலம்மா ஆலையில் இருந்தாள். புருஷன் நின்ற அதே அடுப்புக்குக் காய்ந்த சக்கை தள்ளிக்கொண்டிருந்தாள். சித்தூர் ஆஸ்பத்திரி அம்மாவின் தம்பி என்று சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் கேட்ட கேள்வி திரையில் வரவில்லை, எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை, அதனால்தான் பெயர் போயிற்று, பெயர் போனதால் கார்டு வரவில்லை என்று.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"மார்கழியில நான் சொன்னேன் சார், போய் மாத்திர வாங்கிக்கினு வான்னு. அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? நமக்கு நோவு தீந்துட்ச்சி கமலா, தீரலன்னா அந்தம்மா கார்டு போட்டிருக்கும், அவங்க கணக்கா இருப்பாங்கன்னாரு. ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரு, கார்டு வர்ல, எனக்கு சுகமாயிட்ச்சின்னு."

அடுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள்:

"மிஷினு என்னமோ ஆவட்டும். அதுக்கு வாயில்ல. நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான? உங்க அக்காவுக்கு ஒரு கடுதாசி போட உனக்கு இன்னா கேடு?"

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். "போ சார், அடுப்பு அணையுது" என்று உள்ளே போய்விட்டாள்.

பாதையில் நின்றுகொண்டிருந்தேன். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை. வாசலில் அவள் மகள் உட்கார்ந்து கரும்புத் துண்டு கடித்துக்கொண்டிருந்தாள். நாகையாவுக்குக் கார்டு படித்துக் காட்டியவள் இவள்தான் போலிருக்கிறது. கடிப்பதும் இருமுவதுமாக இருந்தாள். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். "நைனா போனதுல இருந்து" என்றாள். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் தெரிகிறது.

திரும்ப ஆலைக்குள் போனேன். கமலம்மா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றேன். அங்கே இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்றாள். மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் அதையே சொன்னாள். நீ போனால் ஒருவேளை வருவாள். வராமலும் போகலாம். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போ, நான் காணிப்பாக்கத்தில் வந்து நிற்கிறேன்.

உன் நோட்டில் எழுதிக்கொள்: அம்சவேணி, வயது ஒன்பது, தகப்பன் பெயர் நாகையா, இரண்டு மாதத்துக்கு மேலாக இருமல்.

தம்பி,
அசரியா